இலவசம்தான், ஆனால் யார் பார்த்துக்கொள்வது? திறமூல மென்பொருள் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

சர்வர் அறைக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருபது வருடம் ஓட்டியவன் நான். வார இறுதியில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் பழைய மடிக்கணினிகளைப் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. திறமூல மென்பொருள், அதாவது மூலநிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய மென்பொருள், பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன், நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்த மடிக்கணினி வாங்கலாம்" வகையறாவுக்கு மட்டும் பதில் இல்லை, மன்னியுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்: தம்பி, 2016-இல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. மகன் புதிது வாங்கச் சொல்கிறான். மத்திய சேம நிதிக் கணக்குப் பார்க்க, செய்தி படிக்க, பேரனோடு பேச, அவ்வளவுதான் எனக்கு. லினக்ஸ் போட்டால் ஓடுமா?

ஓடும் ஐயா. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய திறமூல இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2016 கணினியில் அந்தச் செயலி இருக்காது. உடனே முடிவெடுக்க மனமில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகப் பதிந்து 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை வாங்கிக்கொள்ளலாம்.

லினக்ஸில் பல வகை உண்டு, உங்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். 22-ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், மின்ட் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை ரூஃபஸ் என்ற சின்னக் கருவியால் எழுதுங்கள். கணினியை அணைத்து, அதைச் செருகி, இயக்கும்போதே எஃப்12 விசையைத் தட்டுங்கள் (சில கணினிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப்). நிறுவாமலே மின்ட் ஓடும். ஒரு மாலை முழுக்க அப்படியே வைத்து வைஃபை, ஒலி, கேமரா, அச்சு இயந்திரம் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சிங்பாஸ் நுழைவு, கைப்பேசியால் கியூஆர் குறியீட்டை வருடுவதுதானே, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் சிக்கலில்லை.

அப்புறம்தான் நிறுவுவது. அதற்கு முன் படங்களை வெளி வட்டுக்கு மாற்றுங்கள், மாற்றியதைத் திறந்தும் பாருங்கள். 2009-இல் என் மனைவியின் கணினியில் லினக்ஸ் போட்டபோது, நகல் எடுத்தாயிற்று என்ற நினைப்பில் வட்டை அழித்தேன். நகலில் இருந்தவை வெறும் ஷார்ட்கட்கள், உண்மையான கோப்புகள் இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி இன்னும் அந்தப் பேச்சு வரும் வீட்டில்.

தேக்காவில் மளிகைக் கடை வைத்திருப்பவர்: கணக்கு மென்பொருளுக்கு மாதாமாதம் காசு கட்டி அலுத்துவிட்டது. இலவசமாக ஏதும் உண்டா? ஜிஎஸ்டிக்கும் ஒத்துவர வேண்டும்.

உண்டு அண்ணே. வரவு செலவு மட்டும் என்றால் ஜிஎன்யூகேஷ். சரக்கு, பில் எல்லாம் வேண்டும் என்றால் ஈஆர்பிநெக்ஸ்ட், அல்லது ஓடூவின் சமூகப் பதிப்பு. இருந்தாலும் உங்களைக் கொஞ்சம் தடுக்கத்தான் பார்ப்பேன். மென்பொருளுக்குக் காசில்லை, சரி. அது ஓடும் சர்வருக்குக் காசு. தினமும் நகல் எடுக்க வேண்டும், அவ்வப்போது திருத்தம் போட வேண்டும், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை பில் போடும்போது நின்றுவிட்டால் ஓடிவர ஆள் வேண்டும். தங்கை மகன் பார்த்துக்கொள்வான் என்பீர்கள். அவன் தேசிய சேவைக்குப் போய்விட்டால்?

ஜிஎஸ்டிக்கு வந்தால், இன்வாய்ஸ்நவ் என்ற மின்-விலைப்பட்டியல் வலையமைப்பு பற்றி முதலில் விசாரியுங்கள். அது பெப்போல் என்ற திறந்த தரத்தின் மேல் ஓடுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல், தாமாக முன்வந்து ஜிஎஸ்டிக்குப் புதிதாகப் பதிகிற எல்லா வணிகங்களும் அதன் வழியே விலைப்பட்டியல் தரவை அனுப்பியாக வேண்டும். நீங்கள் பார்க்கும் மென்பொருள் அதோடு இணையாவிட்டால் இலவசமாகக் கிடைத்தும் பயனில்லை. ஒற்றைக் கடைக்கு இப்போதைய சந்தாவைக் கட்டிவிட்டுப் போங்கள் என்பதுதான் என் யோசனை. ஆனால் உங்கள் தரவை முழுதாக வெளியே எடுக்க முடிகிறதா என்று இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஈசூனிலிருந்து, மென்பொருள் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்: மூலநிரலை எல்லாரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே? எக்ஸ்இசட் விவகாரத்தை அலுவலகத்தில் அடிக்கடி சொல்கிறார்கள். உண்மையில் என்னதான் நடந்தது?

எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எக்ஸ்இசட், கோப்புகளைச் சுருக்கும் ஒரு திறமூலக் கருவி. லினக்ஸ் உள்ள இடமெல்லாம் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். லாசே கோலின் என்ற தனியாள் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் அதைப் பார்த்துவந்தார், களைத்தும் போயிருந்தார். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். ஒழுங்காக வேலை செய்தார். அதே சமயம் வேறு சில பெயர்கள் "ஏன் இவ்வளவு தாமதம், இன்னொரு பொறுப்பாளரைச் சேர்க்கலாமே" என்று கோலினை நச்சரித்தன. மெல்ல மெல்லப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது.

2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு இருந்தது. எஸ்எஸ்எச் என்பது தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை, அதன் வழியே திருட்டுத்தனமாக நுழைய இந்தக் கதவு வழி திறந்துவிடும். எல்லாரும் பார்க்கிற மூலநிரலில் அது முழுதாக இல்லை என்பதுதான் விசித்திரம். வெளியீட்டுக்கென்று கட்டிய பொதியில் மட்டும் ஒரு கோப்பு கூடுதலாக இருந்தது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிடந்தவற்றுக்குள்ளிருந்து அது விஷத்தை எடுத்துக் கோத்தது.

பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். வேறு ஏதோ வேகச் சோதனையில் இருந்தபோது எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி கூடுதலாக இழுப்பதைக் கவனித்தார். நானாக இருந்தால் வைஃபையைத் திட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருப்பேன். அவர் தோண்டினார், 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பு போன்றவற்றுக்கு அந்த விஷம் வந்து சேர்வதற்குள் விஷயம் வெளிவந்துவிட்டது. சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்கள்தான் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

ஆகவே, திருடன் பார்ப்பான் என்பது சரிதான். மூடிய மென்பொருளாக இருந்தால் ஃப்ராயிண்ட் தோண்டியிருக்கவே முடியாது என்பதும் சரி. உங்கள் வேலைக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். 2025 செப்டம்பரில் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியத்தில் உள்ள சாக், டீபக் முதலிய பொதிகளின் பொறுப்பாளரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, அவற்றில் திருட்டு நிரலைச் செருகினார்கள். சில மணி நேரத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. புதுப் பதிப்பு வந்த அன்றே இழுத்துப் போடாதீர்கள், பதிப்பு எண்களைப் பூட்டி வையுங்கள். ஒரு வாரம் பொறுத்தால் இந்த மாதிரி வலையில் பெரும்பாலும் விழ மாட்டீர்கள். அவசரப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு.

பெயர் வேண்டாம் என்றவர்: ரெடிஸிலிருந்து வால்கீக்கு மாறச் சொல்கிறார்கள். ஏன் இந்த வீண் வேலை?

இரண்டும் தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் தரவுத்தளங்கள். 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் உரிமத்தைத் திறமூலம் அல்லாததாக மாற்றியது, பழைய உரிமத்திலிருந்த நிரலை எடுத்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ கிளம்பியது. 2025 மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல் உரிமத்தையும் தந்து திறமூலத்துக்குத் திரும்பிவிட்டது. மாற்றிய நிரலை இணையச் சேவையாக ஓட்டினாலும் அதன் மூலத்தைத் தரச் சொல்வது ஏஜிபிஎல், உங்கள் சட்டப் பிரிவுக்கு அது அலர்ஜி என்றால் மாறுங்கள். இல்லையென்றால் அவசரமில்லை.

சுவா சூ காங்கிலிருந்து, ஒரு தமிழ் அமைப்பின் செயலாளர்: சமூக மன்றத்தில் நாங்கள் நடத்திய நிகழ்ச்சிகளின் அறிக்கைகள் பத்து வருடத்துக்கு உள்ளன, எல்லாம் பாமினியில். புதுக் கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாக வருகிறது. மறுபடி தட்டச்சு செய்ய வேண்டுமா?

வேண்டாம் அக்கா. கோப்புக்குள் இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டியது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும்.

ஓப்பன் தமிழ் என்ற பைதான் நிரலகத்தில் பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. நீங்களே எழுத்துக்கு எழுத்து மாற்றிப் போட முயலாதீர்கள், "கொ" வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். பாமினி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் போகும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன் பின்னே ஒகரக் குறி. எனவே நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, பிறகு சின்னவற்றுக்கு வர வேண்டும். அந்த நிரலகம் இதைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வில்லங்கம்: அறிக்கையில் ஊடே வரும் ஆங்கிலச் சொற்கள். முழுக் கோப்பையும் மாற்றினால் விருந்தினரின் ஆங்கிலப் பெயரும் புரியாத தமிழாகிவிடும். லிப்ரே ஆஃபிஸில் தேடி மாற்றும் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். காகிதமாக மட்டும் இருப்பவற்றை 300 டிபிஐ-யில் வருடி, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் டெசராக்ட் கருவிக்குக் கொடுங்கள். ரகரத்தையும் காலையும் அது குழப்பும், ஒரு கண் பார்த்தே தீர வேண்டும்.

இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். லினக்ஸில் ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவியைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். இந்தச் சங்கதியில் நம் ஊருக்குப் பழைய உறவு உண்டு. 1997-இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது சிங்கப்பூரில்தான். 2000-இல் தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு உருவானதும் இங்கே நடந்த மாநாட்டில்தான்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து: நம் அரசாங்கம் திறமூலத்தைத் தொடுகிறதா?

தொடுகிறது. அரசாங்கத்தின் இணையப் படிவச் சேவையான ஃபார்ம்எஸ்ஜியின் மூலநிரல் பொதுவில் இருக்கிறது. கோவிட் காலத்தில் தொடர்புத் தடமறிந்த டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படை நிரலும் ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் 2020 ஏப்ரலில் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியானது.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: அண்ணா, திறமூலத்துக்குப் பங்களிக்க வேண்டும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம். செயற்கை நுண்ணறிவை வைத்துப் பிழைகளைக் கண்டுபிடித்து அனுப்பட்டுமா?

அனுப்பாதே தம்பி. இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற திறமூலக் கருவியின் டேனியல் ஸ்டென்பெர்க், இப்படி வந்து குவிகிற போலிப் பிழை அறிக்கைகளைப் பற்றி 2025 முழுக்கப் புலம்பினார். நீ இரண்டு நிமிடத்தில் அனுப்புவதைப் பொய் என்று காட்ட அவர்களுக்கு அரை நாள் போகும்.

நீ தினமும் பயன்படுத்துகிற ஒன்றை எடு. அதன் நிறுவல் குறிப்புகளை ஒவ்வொரு வரியாகச் செய்து பார். எங்காவது ஒரு வரி தப்பாக இருக்கும், அதைத் திருத்தி அனுப்பு. என் முதல் பங்களிப்பு ஒரே ஓர் எழுத்துப் பிழை, ஏற்றுக்கொள்ள ஆறு வாரம் ஆனது. தமிழ் நன்றாக வரும் என்றால் வெப்லேட், பொன்டூன் என்ற மொழிபெயர்ப்புத் தளங்களில் முறையே லிப்ரே ஆஃபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் காத்திருக்கின்றன. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியைப் பழகத் தமிழிலேயே பாடம் வேண்டும் என்றால் கணியம் தளத்தைப் பார்.

செங்காங்கிலிருந்து, தமிழாசிரியை ஒருவர்: சீ-லயன் தமிழ் அறியும் என்கிறார்கள். அது திறமூலமா? என் கணினியில் ஓடுமா?

ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியான சீ-லயனின் முதல் பதிப்பு 2023 இறுதியில் வந்தது, அதன் 11 மொழிகளில் தமிழும் ஒன்று. திறமூலமா என்பதில்தான் வாக்குவாதம். எடைகளை, அதாவது பயிற்சியில் அந்த மாதிரி கற்ற எண்களை, இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பிந்தைய பதிப்புகள் சில மெட்டாவின் லாமா, கூகுளின் ஜெம்மா போன்ற மாதிரிகளின் மேல் கட்டியவை, அவற்றின் உரிம நிபந்தனைகளும் கூடவே வரும். திறமூலம் எது என்று வரையறுக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 2024 அக்டோபரில் தந்த வரையறையோ, பயிற்சித் தரவு பற்றிய விவரத்தையும் பயிற்சி நிரலையும் சேர்த்துக் கேட்கிறது.

16 ஜிபி நினைவகம் இருந்தால், 8 அல்லது 9 பில்லியன் எடைகள் உள்ள பதிப்பைச் சுருக்கிய வடிவில் ஒல்லாமா என்ற கருவி மூலம் ஓட்டலாம். கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்க உதவும். இலக்கண விளக்கத்தை அதனிடம் கேட்டு அப்படியே மாணவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மறுபடியும் உட்லண்ட்ஸ் ஐயா: தம்பி, பொறுமை இல்லை, போட்டுவிட்டேன். எல்லாம் சரி, வைஃபை மட்டும் வரவில்லை.

முதலில் ஒரு மாலை ஓட்டிப் பார்க்கச் சொன்னேனே ஐயா! போகட்டும், பல பழைய மடிக்கணினிகளில் பிராட்காம் சில்லு இருக்கும், அதற்கான இயக்கி (டிரைவர்) மென்பொருள் தனியாக வர வேண்டும். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில், அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். இணையம் வந்துவிடும். மின்ட் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைப்பதைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி இயக்குங்கள். அப்படியும் வராவிட்டால் சனிக்கிழமை மாலை எங்கள் புளோக்குக்குக் கொண்டுவாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.