எழுபதாயிரம் பேர் வந்தார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கடைசி நான்கு அணிகள் மோதும் 'ஃபைனல் ஃபோர்' ஆட்டங்களை ராட்சதக் குவிமாட அரங்குகளில் நடத்துவது தவறு என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மகனும் அப்படி ஓர் அரங்கின் மேல்தளத்தில் உட்கார்ந்து இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். பெரும்பாலும் பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்ததே பெருமை. இருபதாயிரம் பேர் மட்டுமே உட்காரும் அரங்கில் நடத்தினால் எங்களைப் போன்றவர்களுக்கு டிக்கெட் கிடைக்குமா? வசதி படைத்தவர்கள் மட்டும் பார்த்தால் போதும் என்கிறீர்களா?
– ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: 'பெரும்பாலும் பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.' இந்த வரியை எழுதிவிட்டு நீங்கள் சுலபமாக அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. பணம் கட்டி, பயணம் செய்து, மகனையும் அழைத்துக்கொண்டு போய் ஒரு தந்தை திரையில் ஆட்டம் பார்த்திருக்கிறார். அதற்காக அவர் அரங்கத்தாருக்கு நன்றியும் சொல்கிறார். எனக்குக் கோபம் உங்கள் மீதல்ல. உங்களை இவ்வளவு குறைவில் திருப்தியடையப் பழக்கியவர்கள் மீதுதான்.

கூடைப்பந்து ஆடுதளம் 94 அடி நீளம், 50 அடி அகலம். அமெரிக்கக் கால்பந்து மைதானம் 360 அடிக்கு 160 அடி. பரப்பளவில் அது ஏறத்தாழ ஒரு டஜன் ஆடுதளங்களுக்குச் சமம். அப்படிப்பட்ட பரப்பின் நடுவே ஒற்றை ஆடுதளத்தைப் போட்டால், கால்பந்துக்காக எழுப்பிய மேல்தள இருக்கைகளிலிருந்து என்ன தெரியும்? பந்து எங்கே போகிறது என்று தெரியும். தடுப்பாளர் இடுப்பைத் தாழ்த்தி எதிராளியின் வழியை மறிப்பது தெரியாது. களைத்துப்போன இளைஞன், யாரும் குறுக்கே நின்று தடுக்காத 'ஃப்ரீ த்ரோ' எறியும் முன் மூச்சை இழுத்து விடுவது தெரியாது. இந்த விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இது பிறந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், வெளியே குளிர் வாட்டிய நாட்களில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் தம் மாணவர்களுக்காக உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஆடும்படி ஒரு விளையாட்டை உருவாக்கினார். பீச் பழக் கூடைகளைக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது; இன்றைக்கும் வளையம் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. மாடத்தில் நின்று பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள். அதைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. வளையத்தின் உயரம், பலகை இரண்டுமே ஒரு சின்னக் கூடமும் கை நீட்டினால் எட்டுகிற பார்வையாளரும் தந்தவை. வேறு எந்தப் பெரிய விளையாட்டிலும் பார்ப்பவர் இவ்வளவு நெருக்கமாக ஆட்டத்தின் அமைப்புக்குள்ளேயே நுழைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

குவிமாட மோகம் உங்கள் ஊரில்தான் தொடங்கியது. 1968 ஜனவரி 20 அன்று அஸ்ட்ரோடோம் என்ற குவிமாட அரங்கில் ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியும் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியும் மோதின, 52,693 பேர் வந்தார்கள். ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளிகள் எடுத்தார், அவர் அணி 71–69 என்று வென்றது. அது வரலாறு, மறுக்கமாட்டேன். ஆனால் அது தொலைக்காட்சியில் பிறந்த வரலாறு. நாடு முழுவதும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் ஆட்டம் அருகில் தெரிந்தது. அரங்கிலோ பரந்த வெளியின் நடுவே ஆடுதளம் தனித்தீவாகக் கிடந்தது. 1971இல் இறுதி ஆட்டமே அங்கே நடந்தது. 1982இல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் 61,612 பேர் முன்னிலையில் மைக்கேல் ஜோர்டான் என்ற முதலாண்டு மாணவர் கடைசி விநாடிகளில் எறிந்த பந்து வடகரோலினாவுக்குப் பட்டம் வாங்கித் தந்தது. வழக்கமான கூடைப்பந்து அரங்கில் கடைசியாக ஆண்கள் ஃபைனல் ஃபோர் நடந்தது 1996இல், நியூ ஜெர்சியில். அதன் பிறகு ஒருமுறைகூட இல்லை.

அப்போதெல்லாம் குவிமாடத்தின் ஒரு பகுதியைத் திரைபோட்டு மறைத்து, ஒரு பக்கமாக ஆடுதளம் போடும் நாணமாவது இருந்தது. 2009இல் டெட்ராய்ட்டில் அதையும் விட்டார்கள். ஆடுதளத்தை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, மேடைபோலத் தரையிலிருந்து உயர்த்தினார்கள். இறுதி ஆட்டத்துக்கு 72,922 பேர். தரைமட்டத்தில் போட்டால் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால்தானே உயர்த்த வேண்டியிருந்தது? மாற்று ஆட்டக்காரர்கள் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, தங்கள் அணியின் கால்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் பந்தைப் பிடிக்கப் பாய்பவன் மேடை முடியும் இடத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வருடமெல்லாம் ஒரு மாதிரி தளத்தில் ஆடிவிட்டு, வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்தை வேறு மாதிரி தளத்தில் ஆடு என்று பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

குவிமாடத்தை எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. வளையத்துக்குப் பின்னால் சுவரும் கூட்டமும் அருகில் இல்லாமல் வெறுமை தெரிவதால் தூரம் பிடிபடாமல் எறிதல்கள் தவறுகின்றன என்பார்கள். 2011இல் உங்கள் ஹூஸ்டனில் பட்லர் அணி 64 முறை எறிந்து 12 முறை மட்டுமே போட்டதை உதாரணம் காட்டுவார்கள். அந்த வாதத்தை நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். ஐந்தே ஆண்டுகள் கழித்து, அதே அரங்கில், வில்லனோவா அரையிறுதியில் நூற்றுக்கு 71 என்ற விகிதத்தில் போட்டு ஓக்லஹோமாவை 95–51 என்று வீழ்த்தியது. இறுதி ஆட்டத்தில் நேரம் முடிகிற கணத்தில் வில்லனோவாவின் கிரிஸ் ஜென்கின்ஸ் எறிந்த பந்தும் உள்ளே விழுந்தது. திறமையுள்ளவர்கள் எங்கே ஆடினாலும் போடுவார்கள். என் வழக்கு அவர்களுக்காக அல்ல, உங்களுக்காக.

இப்போது உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதிக்கு வருகிறேன். சின்ன அரங்கு என்றால் எளியவருக்கு இடம் கிடைக்காது என்கிறீர்கள். இன்றைய விற்பனை முறையை அப்படியே வைத்துக்கொண்டு அரங்கை மட்டும் சுருக்கினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆகவே முறையையும் மாற்ற வேண்டும். போட்டியை நடத்துபவர்கள், ஆடும் நான்கு கல்லூரிகளின் மாணவர்களுக்கும் சேர்த்துப் பாதி இருக்கைகளை ஒதுக்கட்டும். மீதியில் பெரும்பகுதியைக் குறைந்த விலையில் குலுக்கல் முறையில் கொடுக்கட்டும். கட்டுப்படியாகாது என்று சொல்ல அவர்களுக்கு வாயில்லை. சி.பி.எஸ்., டர்னர் தொலைக்காட்சி நிறுவனங்களுடனான ஒளிபரப்பு ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்தபோது, அந்த எட்டு ஆண்டு நீட்டிப்புக்கு மட்டும் பேசிய தொகை 880 கோடி டாலர். ஆண்டுக்கு 110 கோடி. ஆடும் மாணவர்களின் உழைப்பில் வரும் இந்தப் பணத்துக்கு முன்னால் மேல்தள டிக்கெட் வசூல் எவ்வளவு? அந்தச் சிறு வசூலுக்காக ஆட்டத்தையே தூரத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

சிறிய அரங்கில் நடத்தினால் மவுசு குறையும் என்று யாரேனும் சொன்னால் 2024ஐக் காட்டுங்கள். பெண்கள் இறுதி ஆட்டம் கிளீவ்லாந்தில், 18,300 பேர் முன்னிலையில் நடந்தது. தெற்குக் கரோலினாவும் நட்சத்திர வீராங்கனை கெயிட்லின் கிளார்க்கின் அயோவாவும் ஆடிய அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் பேர். மறுநாள் அரிசோனாவில், 74,000க்கும் அதிகமானோர் கூடிய குவிமாடத்தில் நடந்த ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம் பேர். கிளார்க்கின் ஈர்ப்பால் வந்த கூட்டம் அது, அரங்கால் அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் சிறிய அரங்கு அந்த ஆட்டத்தின் மதிப்பில் ஒரு தூசியைக்கூடக் குறைக்கவில்லையே.

வசதி படைத்தவர்கள் மட்டும் பார்க்கட்டும் என்று நான் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். குவிமாடத்தில் ஆடுதளத்தை ஒட்டிய நாற்காலிகளில் உட்காருபவர்கள் யார் என்று அன்று மேலேயிருந்து நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு எட்டியிருந்தால்.

மகனுக்கு இன்னும் கூடைப்பந்தில் ஆர்வம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஃபெர்டிட்டா சென்டரில் இருக்கைகளே சுமார் ஏழாயிரம்தான். 2025இல் சான் அன்டோனியோ குவிமாடத்தில் ஃப்ளோரிடாவிடம் 65–63 என்று பட்டத்தை நழுவவிட்ட அணியின் சொந்த வீடு அது. நவம்பரில் பருவம் தொடங்கியதும், பெரிய எதிரணி எதுவும் வராத ஒரு வார நாளாகப் பார்த்து இருவரும் போங்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவனையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.