மூன்றாவது புள்ளி எங்கே? நேர்கோட்டு வரைபடம்: கேள்வி-பதில்

கேள்வி: 3எக்ஸ் + 4ஒய் = 12. பெரிய அட்டவணை போடாமல் வரைய முடியுமா?

முடியும். எக்ஸ் 0 என்றால் ஒய் 3. ஒய் 0 என்றால் எக்ஸ் 4. (0, 3), (4, 0) இரண்டையும் இணையுங்கள். சரிபார்க்க மூன்றாவது புள்ளி (8, −3). வலப்பக்கம் 12க்குப் பதில் 0 இருந்தால் இந்த வழி உதவாது. இரண்டு வெட்டுத்துண்டும் (கோடு அச்சை வெட்டும் இடம்) ஆதிப்புள்ளியில், அதாவது (0, 0)இல் போய் விழும். (4, −3) போல வேறொரு புள்ளி தேட வேண்டும்.

கேள்வி: 2எக்ஸ் − ஒய் = 5. ஒய் வெட்டுத்துண்டு 5 தானே?

இல்லை, −5. முதலில் ஒய் = 2எக்ஸ் − 5 என்று மாற்றி எழுதுங்கள், பிறகு படியுங்கள்.

கேள்வி: 7எக்ஸ் + 5ஒய் = 3. வெட்டுத்துண்டுகளை 0.4, 0.6 என்று குறித்து வரைந்தேன். கோடு (4, −5) வழியே போகவில்லை. ஏன்?

எக்ஸ் வெட்டுத்துண்டு 3/7, அதாவது சுமார் 0.43. அதை 0.4 ஆக்கிவிட்டீர்கள். 1 செ.மீ. = 1 அலகு என்றால் அங்கே நகர்ந்தது வெறும் 0.3 மி.மீ. ஆனால் எக்ஸ் 4 வரும்போது உங்கள் கோடு −5.4இல் நிற்கிறது, 4 மி.மீ. பிழை. குறித்த இரண்டு புள்ளிகளுக்கும் இடைவெளி முக்கால் செ.மீ.கூட இல்லை. அந்தத் துண்டை ஒன்பது மடங்கு நீட்டினால் பிழையும் கூடவே நீளத்தான் செய்யும். பென்சில் எவ்வளவு கூராக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

பின்னப் புள்ளிகளை விட்டுவிட்டு முழு எண் புள்ளிகளைத் தேடுங்கள். 5ஒய் = 3 − 7எக்ஸ். எக்ஸுக்கு 0 முதல் 4 வரை போட்டுப் பார்த்தால், வலப்பக்கம் 5ஆல் மீதியின்றி வகுபடும் ஓர் எண் கட்டாயம் சிக்கும். இங்கே 4, ஒய் −5. இனிக் கணக்கே வேண்டாம்: எக்ஸில் 5 குறைத்து ஒய்யில் 7 கூட்டுங்கள். (−1, 2), (−6, 9) கிடைக்கும். இரு முனைகளுக்கும் இடையே சுமார் 17 செ.மீ.; கோடு அசையாது.

மூன்று புள்ளி ஏன் என்று கேட்பவர்களுக்கு: இரண்டு புள்ளிகளில் ஒன்று தப்பாக இருந்தாலும் ஸ்கேலை வைத்து அழகான கோடு போட்டுவிடலாம். மூன்றாவது புள்ளி விலகி நின்றால்தான் தப்பு தெரியும். விலகினால் கோட்டை வளைத்து இணைக்காதீர்கள். மூன்றையும் மறுபடி சமன்பாட்டில் பிரதியிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எக்ஸ் = 4 என்பதில் ஒய் இல்லையே?

ஒய் எதுவானாலும் எக்ஸ் 4தான். (4, 0) வழியே செங்குத்துக் கோடு. அதன் சாய்வு (வலப்பக்கம் 1 அலகு போனால் கோடு எவ்வளவு ஏறுகிறது என்பது) வரையறுக்கப்படவில்லை. 0 என்று எழுதாதீர்கள், அது கிடைக்கோட்டின் சாய்வு.

கேள்வி: ஒய் = 2எக்ஸ், ஒய் = −எக்ஸ்/2 இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்கிறார்கள். பாகைமானியில் 90° வரவில்லை.

அளவுத்திட்டத்தை எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? எக்ஸ் அச்சில் 1 செ.மீ.க்கு 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ.க்கு 2 அலகு எடுத்திருந்தால் தாளில் சுமார் 59° தான் வரும். சமன்பாட்டில் குறையில்லை. கோணம் அளக்க வேண்டுமென்றால் இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் வேண்டும். அதைத் தாளின் மூலையில் எழுதியும் வையுங்கள்.

கேள்வி: சாய்வு −2/3. குறைக்குறி 2க்கா, 3க்கா?

ஏதாவது ஒன்றுக்கு. வலப்பக்கம் 3 போய்க் கீழே 2, அல்லது இடப்பக்கம் 3 போய் மேலே 2. இரண்டுக்கும் போட்டால் கோடு ஏறிவிடும்.

கேள்வி: ஒய் = எக்ஸ் + 1/2 வரைந்தேன், (0, 1/2) சரியாக வந்தது, மற்றவை விடையோடு ஒத்துப்போகவில்லை.

அடைப்புக்குறி எங்கே? (எக்ஸ் + 1)/2 என்றாலும் (0, 1/2) வழியேதான் போகும், ஆனால் சாய்வு 1 அல்ல, 1/2. எக்ஸுக்கு 3 போடுங்கள்: ஒன்றில் 3.5, மற்றதில் 2. வினாத்தாளில் பின்னக்கோடு எதன் கீழ்வரை நீள்கிறது என்று பாருங்கள்.