வாசகர் கேள்வி பதில்: ரின்னில் வரும் கடும்புப்பால் மா

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் கடும்புப்பால் மா என்று ஒரு ரின் அனுப்பியிருக்கிறாள். "முதல் 6 மணித்தியாலத்துக்குள் கறந்தது" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, விலையும் அதிகம். அந்த நேரக்கணக்கில் அப்படி என்ன இருக்கிறது?
- வாசகி, கொக்குவில்

பதில்: நிறைய இருக்கிறது அம்மா. கடும்புப்பால் என்பது கன்று போட்டதும் மாடு முதலில் தரும் பால். மாடு கன்று போடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே தன் இரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்களை மடியில் சேர்த்து வைக்கும். கன்று போட்டதும் அந்தச் சேர்ப்பு நின்றுவிடும், பால் சுரக்கத் தொடங்கும், சேர்ந்து கிடந்ததெல்லாம் மணிக்கு மணி நீர்த்துக்கொண்டே போகும். நல்ல முதல் கறவையில், அந்தப் புரதங்களில் முக்கியமான ஐஜிஜி (IgG) லீற்றருக்கு 50 கிராமுக்கு மேல் இருக்கும். இரண்டாம் கறவையிலேயே நன்றாக இறங்கிவிடும், வழமையான பாலுக்கு வரும்போது லீற்றருக்கு 1 கிராம்கூடத் தேறாது.

"முதல் கறவை" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். இரவு கன்று போட்ட மாட்டை மறுநாள் மத்தியானம் கறந்தாலும் அது முதல் கறவைதான், ஆனால் அதற்குள் வீரியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். மூன்றாம் நாள் பாலையும் சேர்த்துக் காயவைத்து இதே பெயரில் விற்பவர்களும் உண்டு, மலிவுச் சரக்கில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரின்னின் பின்பக்கத்தைத் திருப்பி ஐஜிஜி எத்தனை வீதம் என்று பாருங்கள். 20 வீதம் என்றால் 1 கிராம் மாவில் 200 மில்லிகிராம். அந்த எண்ணே இல்லையென்றால் நான் வாங்கமாட்டேன், முன்பக்கத்தில் எத்தனை மணித்தியாலம் போட்டிருந்தாலும் சரி.

அப்புறம் சூடு. 60 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் வைத்தால் கிருமி குறையும், புரதமும் பெரும்பாலும் தாங்கும், அதற்கு மேலே போகப் போகக் கெட்டுவிடும். நாங்கள் ஆவியில் வைக்கும் கடும்பு முட்டை இல்லாமலே இறுகி வருவது இந்தப் புரதங்கள் வெந்துதான். ஆகவே மாவைக் கொதிக்கிற தேத்தண்ணியில் கலக்காதீர்கள், இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும்.

பலன்? பிறந்த கன்றின் குடல் முதல் ஒரு நாளுக்குத்தான் அந்தப் புரதத்தை முழுதாக இரத்தத்துக்குள் விடும். எங்கள் குடல் அதில் பெரும்பகுதியைச் செரித்துவிடும், மிச்சம் குடலுக்குள் நின்று ஏதோ கொஞ்சம் செய்யலாம், அவ்வளவுதான். நீரிழிவு மாறும், மூட்டுவலி போகும் என்று யாராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம், இருக்கிற மருந்தையும் நிறுத்த வேண்டாம். பால் ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது.

கேள்வி: பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது. முதல் பாலைப் பச்சையாகக் குடித்தால் கடை மாவைவிட நல்லது என்கிறார்கள், உண்மையா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: பச்சையாக வேண்டவே வேண்டாம் தம்பி. புருசெல்லோசிஸ், காசநோய் இரண்டும் காய்ச்சாத பாலில் மனிதருக்குத் தொற்றும்.

அதைவிட, முதல் பால் கன்றுடையது. எங்கள் பிள்ளைகளுக்குக் கருப்பையிலேயே தாயின் நோயெதிர்ப்புச் சத்து கொஞ்சம் வந்துவிடும், கன்றுக்கு ஒரு துளியும் வராது, குடிக்கிற அந்தப் பாலில்தான் எல்லாம். பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முதல் குடி கிடைக்க வேண்டும், எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்கு, 20 கிலோ கன்று என்றால் 2 லீற்றர். மனிதர் ஆசைக்காக முதல் கறவையை எடுத்துவிட்டுப் பிறகு கன்று கழிச்சலில் கிடக்கிறது என்று மிருக வைத்தியரிடம் ஓடுவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

கன்று குடித்து மிஞ்சியதை, அல்லது அடுத்த நாள் பாலை, பனங்கட்டியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வையுங்கள். முதல் கறவையே மிஞ்சினால் சுத்தமான போத்தலில் ஊற்றி உறைநிலையில் வைக்கலாம், ஒரு வருடம் வரை தாங்கும். தாயில்லாத கன்று ஒன்று வந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை வைத்து இளக்கிக் கொடுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள்.