சர்வர் மதர்போர்டு தேவையா?

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனக் கணக்குகளுக்கான கணினியில் சர்வர் மதர்போர்டு போடச் சொல்கிறார்கள். சாதாரண மதர்போர்டிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது? – வாசகர், திருப்பூர்

பதில்: முதன்மையான வேறுபாடு நினைவகத்தில் இருக்கிறது. சர்வர் மதர்போர்டுகள் ஏற்கும், பிழை திருத்தும் ஈ.சி.சி. வகை ரேமில், டி.டி.ஆர்.4 தலைமுறையில் ஒவ்வொரு 64 பிட் தரவுடனும் 8 சரிபார்ப்பு பிட்டுகள் சேர்ந்து செல்வதால், ஒரு பிட் பிறழ்ந்தால் உடனே திருத்தப்படுகிறது. இரண்டு பிறழ்ந்தால் கண்டறியப்படுகிறது. ஏற்றுமதிக் கணக்கில் ஓர் இலக்கம் எவரும் அறியாமல் மாறிவிடக் கூடாது என்பதால், இதையே நான் முதலில் பார்ப்பேன். இயங்குதளம் முடங்கினாலும், மின் இணைப்பு இருக்கும்வரை, அவிநாசியில் இருந்தபடியே நெட்வொர்க் வழியாகக் கணினியை மீண்டும் இயக்க உதவும் பி.எம்.சி. என்ற மேலாண்மைச் சில்லும் பெரும்பாலானவற்றில் உண்டு. பலவற்றில் இரண்டு பிராசசர்கள் பொருத்தலாம். சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ரேம் (கட்டளைகளை இடையில் வாங்கி அனுப்பும் சில்லு கொண்ட ரேம்) சாதாரண மதர்போர்டில் இயங்காது என்பதை வாங்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.