மாஸ்க் பேனல் எங்க போச்சு?

கேள்வி: மேக்ல போட்டோஷாப்பை அப்டேட் பண்ணதும் லூமினாசிட்டி மாஸ்க் (வெளிச்ச அளவை வெச்சு இடத்தைப் பிரிக்கிற மாஸ்க்) ப்ளக்இன் பேனலைக் காணோம் சார். பழைய ஃபைல்ல போட்ட மாஸ்க்கெல்லாம் போயிடுமா?

பதில்: மாஸ்க் எங்கயும் போகாது, அது லேயர் மாஸ்க்கா ஃபைலுக்குள்ளயே இருக்கு, ப்ளக்இன் இல்லாமலே திறக்கும். உங்க பேனல் சிஇபிங்கிற அடோபியோட பழைய ப்ளக்இன் முறையில எழுதினதா இருக்கும், ஆப்பிளோட எம்1, எம்2 சிப்ல நேரடியா ஓடுற போட்டோஷாப்ல அது வராது, ரொசெட்டா (இன்டெல் மேக்குக்கு எழுதின ஆப்பை இந்த சிப்ல ஓட வைக்கிற ஆப்பிளோட மென்பொருள்) வழியா போட்டோஷாப்பைத் திறந்தாதான் வரும், அதைவிட யுஎக்ஸ்பிங்கிற புது முறையில ப்ளக்இன் வெர்ஷன் வந்திருக்கான்னு பாத்து மாறிடுறதுதான் நல்லது. அதுவரைக்கும் கமாண்ட், ஆப்ஷன், 2 மூணையும் சேர்த்து அமுக்குங்க, வெளிச்சமான இடம் செலக்ட் ஆகும் (ப்ளக்இன் செய்யுற வேலையோட அடிப்படையே இதான்). செலக்‌ஷனை இன்னும் குறுக்கும்போது 50 சதவீதத்துக்கு மேல எந்த பிக்சலும் செலக்ட் ஆகலைன்னு வார்னிங் வந்தா பதறாதீங்க, செலக்ட் ஆன இடத்தைச் சுத்தி ஓடுற கோடு மட்டும்தான் தெரியாது, செலக்‌ஷன் இருக்கும்.