ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் அபர்லவர், இன்வரேவன் என்ற ஊர்கள்: இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டுமே கூடுதுறைப் பெயர்கள். லவர் ஓடை ஸ்பேயில் சேருமிடம் அபர்லவர்; ஏவன் ஆறு சேருமிடம் இன்வரேவன். (ஏவனை உள்ளூரில் ‘ஆன்’ என்பார்கள்.) ‘இன்வர்’ ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல், ‘அபர்’ அதற்கும் முன்பு அங்கே வாழ்ந்த பிக்ட் மக்கள் விட்டுச்சென்றது.

பார்க்க என்றால், அபர்லவர் பக்கத்தில் ஸ்பேயைக் கடக்கும் கிரெய்கெல்லாக்கி பாலத்தைத்தான் முதலில் சொல்வேன். பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் வடிவமைத்து 1814-இல் முடிந்த வார்ப்பிரும்பு வளைவு. நடுவில் தூணே கிடையாது. சுமார் 46 மீட்டரை ஒரே வீச்சில் தாண்டுகிறது. இரு முனையிலும் கோட்டை வாசல் மாதிரி கல் கோபுரங்கள், சும்மா அழகுக்குத்தான். 1829 பெருவெள்ளத்தையும் தாங்கி நின்றது. வடகரையில் பாறை மறிப்பதால் சாலை சட்டென்று மடங்கும், லாரிகளுக்குத் தோதுப்படாது. 1970-களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது. இப்போது பழையதில் நடக்கலாம், சைக்கிளில் போகலாம்.