ஹூஸ்டனில் பழைய பிக்கப் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நான் விடுமுறைக்கு மன்னார்குடி வந்திருக்கும் நேரத்தில் உங்கள் கேள்வி கிடைத்தது. 1953ஆம் ஆண்டுச் செவர்லே 3100 பிக்கப் ஒன்றின் கேபினையும் பின்தொட்டியையும் மட்டும் மலிவாக வாங்கி, அவற்றைச் செவர்லேயின் பிற்காலச் சிறிய பிக்கப்பான எஸ்-10 வண்டியின் சேஸ் (அடிச்சட்டம்) மேல் ஏற்றி, 5.3 லிட்டர் வி-8 எஞ்சினையும் பொருத்தி, எல்லா வேலையையும் வீட்டிலேயே செய்து முடிக்கலாமா, சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருவையாற்றில் அப்பா வைத்திருக்கும் பழைய ஜீப்புக்கும் பிறகு இதே வேலையைச் செய்யலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை மாற்றுங்கள், முதல் வண்டியில் சேஸைத் தொடாதீர்கள், சேஸை மாற்றத் தேவையே இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்காவில் கணக்கர்களும் ஆசிரியர்களும்கூட ஏன் வீட்டில் எஞ்சின் இறக்குகிறார்கள் என்று உங்களுக்கு வியப்பாக இருக்கும். நம் ஊரில் எஞ்சின் வேலைக்கு ஒருவர், டிங்கரிங்குக்கு ஒருவர், வயரிங்குக்கு ஒருவர், கடைசலுக்கு லேத் பட்டறை என்று ஒரே தெருவில் எல்லாரும் கிடைப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து நின்று வேலை வாங்கலாம். அங்கே பட்டறையில் ஒரு மணி நேரக் கூலியே நூறு டாலரைத் தாண்டிவிடும் என்பதால், பொழுதுபோக்கு வண்டியை அங்கே விட்டுக் கட்டுப்படியாகாது. அதற்கு ஈடாக, உதிரிபாகக் கடைகள் பல கருவிகளை முன்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகத் தருகின்றன; பழைய எஞ்சின் ஆயிலையும் காசில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. நாமே ஸ்பானர் எடுத்துப் போய்க் கழற்றிக்கொள்ளும் பழைய வண்டிக் கிடங்குகளில், எந்த வண்டியிலிருந்து எடுத்தாலும் ஒரு பாகத்துக்கு ஒரே விலைதான். ஆனால் கேஸ் கட்டர் கொண்டுபோக அனுமதியில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வண்டி பார்ப்பதற்கு முன் இடத்தைப் பாருங்கள். இப்போது அடுக்ககத்தில் வாடகைக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி நிறுத்துமிடத்தில் பழுது பார்க்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும், எடுத்துப் படியுங்கள். தனி வீட்டுக்கு மாறினாலும் அந்தக் குடியிருப்பில் வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால், ஓடாத வண்டியை வெளியே தெரியும்படி நிறுத்தக் கூடாது என்று விதி வைத்திருப்பார்கள். நம் ஊர்த் திண்ணை ஓரத்தில் டிராக்டர் ஆண்டுக்கணக்கில் நிற்பதுபோல அங்கே நிறுத்த முடியாது, அபராதச் சீட்டு வரும். ஆகவே கதவை மூடினால் வண்டி முழுவதும் உள்ளே அடங்கும் கராஜ் வேண்டும். அந்த கராஜில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து போய்க் கொதிகலனின் சிறு சுடரில் பற்றிக்கொள்ளும். டேங்க்கைக் கழற்றும் வேலையைக் கண்டிப்பாக வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

அடுத்தது காகிதம். நம் ஆர்.சி. புத்தகத்துக்கு நிகரானது அங்கே டைட்டில். கேபினை மட்டும் வாங்கினால் பெரும்பாலும் டைட்டில் வராது. 3100 வண்டியின் அடையாள எண் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் சிறு தகடாக இருக்கும். எஸ்-10 வண்டிக்கோ 17 இலக்க எண் வேறாக இருக்கும். இரண்டையும் சேர்த்த பிறகு அது 1953ஆம் ஆண்டு வண்டியா, எஸ்-10 வண்டியா, வீட்டில் புதிதாகக் கூட்டிய வண்டியா என்ற கேள்வி எழும். ஒவ்வொரு மாநிலமும் இதற்கு ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. பழைய தகட்டைக் கழற்றி வேறு இடத்தில் அடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அடையாள எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். இன்னொரு சிக்கலும் உண்டு: அந்தக் காலத்து வண்டிகளைச் சில மாநிலங்கள் எஞ்சின் எண்ணைக் கொண்டே பதிந்திருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியின் பழைய எஞ்சினை இரும்புக்குப் போட்டால் வண்டியின் அடையாளமும் அதோடு போய்விடும். டெக்சாஸில் டைட்டில் வேலையை மாவட்ட வரி அலுவலகம் பார்க்கிறது. டைட்டில் தொலைந்த வண்டிக்கு பிணைப் பத்திரம் கொடுத்துப் புதிது பெறும் வழி அங்கே இருந்தாலும், புதிதாக வந்தவர் அந்த வழியில் நுழையத் தேவையில்லை. விற்பவரின் பெயரிலேயே டைட்டில் இருக்கும் வண்டியை மட்டும் வாங்குங்கள்.

சேஸ் மாற்றுவதில் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. நீளத் தொட்டி எஸ்-10 வண்டியின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 117.9 அங்குலம், 3100 வண்டிக்கு 116 அங்குலம்; பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 3100 வண்டியோ அதன் சொந்த சேஸில் நவீன எஞ்சினை எளிதில் ஏற்காது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் 92 குதிரைத்திறன் கொடுத்தது. எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்ட் ஒரு குழாய்க்குள் மூடியபடி ஓடுவதால், கியர் பாக்ஸை மாற்றினால் பின்அச்சு ஹவுசிங்கையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். மின்சாரம் 6 வோல்ட். முன்பக்கம் ஒரே கட்டை அச்சு, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இத்தனை குறையையும் ஒரே மூச்சில் தீர்க்கத்தான் அடியில் வேறு வண்டியை நுழைக்கிறார்கள். ஆனால் எஸ்-10 ஒடுங்கலான வண்டி. அகன்ற பழைய மட்கார்டுகளுக்குள் சக்கரங்கள் பதுங்கித் தெரியும். கேபின் உட்காரும் தாங்கிகளையும் ரேடியேட்டர் தாங்கியையும் ஸ்டீயரிங் தண்டு இறங்கும் இடத்தையும் புதிதாக வெட்டி ஒட்ட வேண்டும்.

இங்கே ஒரு லேத் பட்டறையில் டிராக்டர் டிரெய்லரின் சட்டத்தை நிமிர்த்தும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நின்றபின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் புள்ளி வைத்தார். பிறகு சட்டத்தைத் தள்ளிவிட்டு, வெறுந்தரையில் மூலைக்கு மூலை டேப் பிடித்தார். இரண்டு அளவுக்கும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், வித்தியாசம் இருந்தது. திரும்பவும் ஜாக்கி கொடுத்தார். சாலையில் அறுபது மைல் வேகத்தில் போகும் வண்டிக்கு வீட்டுக் கராஜில் இதே கண்டிப்போடு, அதுவும் ஒற்றை ஆளாக அளவெடுத்து, கனமான இரும்பில் வெல்டிங்கை உள்வரை இறக்கத் தெரிந்தவர்தான் சேஸில் கை வைக்கலாம். கேட் வெல்டிங் செய்த கையும் சேஸ் வெல்டிங் செய்யும் கையும் ஒன்றல்ல.

ஆகவே என் யோசனை, 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10, அல்லது பணம் குறைவென்றால் அதற்குப் பின் 1987 வரை வந்த சதுர உடல் வண்டிகள். சி-10 வண்டியில் முன்சக்கரங்கள் தனித்தனியாகச் சுருள்வில்லில் ஏறி இறங்கும். 12 வோல்ட் மின்சாரம். ஷாப்ட் திறந்தபடி ஓடும். 1967 முதல் பிரேக் ஆயில் இரண்டு தனி வழிகளில் போவதால் ஒன்று கசிந்தாலும் மற்றது நிறுத்தும். 1971 முதல் முன்பக்கம் டிஸ்க் பிரேக். நீங்கள் எஸ்-10 வண்டியிலிருந்து எதிர்பார்த்தவற்றில் பெரும்பகுதி இதன் சொந்த சேஸிலேயே இருக்கிறது. அழகில் 1953 வண்டிக்கு இது ஈடாகாது என்று நீங்கள் வாதிடலாம். நானும் மறுக்க மாட்டேன்.

5.3 லிட்டர் எஞ்சின் நல்ல தேர்வு. 1999 முதல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம். பிக்கப்களில் வந்த அந்த எல்.எம்-7 எஞ்சின் இரும்புப் பிளாக் கொண்டது. சுமார் 285 குதிரைத்திறன் கொடுக்கும். கிடங்குகளில் எளிதில் கிடைக்கும். சி-10 வண்டியில் உட்கார வைக்கத் தாங்கித் தகடுகள் கடையிலேயே விற்கின்றன. பிக்கப்பின் ஆயில் பேன் ஆழமானது, சேஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்குக் கீழே தொங்கும். ஆழம் குறைந்த பேன் மாற்ற வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது வயரிங்கில். எஞ்சினை மட்டும் வாங்காமல், அதே வண்டியின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாக எடுங்கள். 1999 முதல் 2002 வரையிலான பல பிக்கப்களில் ஆக்சிலரேட்டர் கேபிளால் இயங்கும். 2003 முதல் அது மின்னணு முறைக்கு மாறியது. மின்னணு முறையில் பெடலும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்று மாறினாலும் எஞ்சின் ஐட்லிங்கைத் தாண்டாது. திருட்டுத் தடுப்புச் சாவியைத் தேடும் கட்டளையையும் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும். வயரிங்கை மேசையில் விரித்து, ஒவ்வொரு இணைப்பிலும் துணி நாடாவில் பெயர் எழுதி ஒட்டி, தேவையற்ற கம்பிகளை ஒவ்வொன்றாக உருவுவது பல மாலைப் பொழுதுகளை விழுங்கும். பொறுமை இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் தயார் வயரிங்கை வாங்கிவிடுங்கள்.

எரிபொருள் வழியும் அப்படியே. பழைய கார்புரேட்டருக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்) அழுத்தம் போதும், இந்த எஞ்சினுக்கு 58 பி.எஸ்.ஐ. வேண்டும். பழைய ரப்பர்க் குழாய் அதைத் தாங்காது. மேலும் 1972 வரை வந்த சி-10 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கையின் முதுகுப்பக்கம் இருக்கிறது. அதைப் பின்தொட்டியின் அடிக்கு மாற்றி, பம்ப் உள்ளேயே இருக்கும் டேங்க்காகப் போடுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இதைத் தள்ளிப் போடக் கூடாது என்பது என் கட்டாயமான கருத்து.

வெல்டிங் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அதைத் தெளித்த இரும்பில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். டப்பாவைப் படித்து, குளோரின் இல்லாததை மட்டும் கராஜில் வைத்திருங்கள்.

புகைச் சோதனையால் உங்களுக்குத் தொல்லையில்லை. டெக்சாஸில் 2025 முதல் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை நீங்கிவிட்டது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் மாவட்டத்தில் புகைச் சோதனை தொடர்ந்தாலும், இத்தனை பழைய வண்டி அதற்குள் வராது. பின்னாளில் கலிபோர்னியாவுக்கு வேலை மாறினால், அங்கே 1975 வரையிலான வண்டிகளுக்குத்தான் விலக்கு என்பதை நினைவில் வையுங்கள். 1967–72 வண்டியை நான் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேலை முடிந்த வண்டிக்கு என்ன மதிப்பு என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளும் வகையில் காப்பீட்டை எடுங்கள்; சாதாரணக் காப்பீடு அதை ஐம்பது வருடப் பழைய இரும்பாகத்தான் கணக்கிடும்.

உங்கள் விசா எச்-1பி, அமர்த்திய நிறுவனத்தில் மட்டும் வேலை செய்ய அனுமதிப்பது. சொந்த வண்டியில் எவ்வளவு வேலை செய்தாலும் தவறில்லை. வேலை அழகாக அமைந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் தங்கள் வண்டியையும் கொண்டுவந்து, காசு தருகிறேன் என்பார்கள். வாங்காதீர்கள், அது அனுமதியில்லாத வேலையாகக் கணக்காகும்.

அப்பாவின் ஜீப் விஷயம் வேறு. ஒரு காலத்தில் நம் பக்கத்தில் பெட்ரோல் ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் டீசல் எஞ்சின் மாற்றி ஓட்டியது உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்திருக்கிறது. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். அப்பாவின் ஜீப்பில் இருக்கும் எஞ்சினையே இறக்கி, சிலிண்டர் போர் பார்த்து, பிஸ்டன் மாற்றி ஓட்டுவது இன்னும் எளிது. நீங்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள், இங்கே நல்ல கடைசல் பட்டறை இருக்கிறது, முகவரி தருகிறேன்.